பஞ்சு வைத்த வாய்

— வாயை மூடுங்க அத்தை. திட்டலை, பல்லு பல்லோட எப்படி உக்காருதுன்னு பார்க்கணும். ம்... இப்போ திறங்க. வேர் கெட்டியாத்தான் இருக்கு. முன்பல்லு கேப் மட்டும்தான் கழண்டிருக்கு.

— அதைத்தான்டி வாசல்லயே சொன்னேன். இந்தா, கேப்பை டிஷ்யூவுல சுத்திக் கொண்டு வந்திருக்கேன். ஒட்டிவிடு, நான் போயிட்டே இருக்கேன். சாயங்காலம் விழா. மேடையில நடு நாற்காலி எனக்கு. கவனி, எனக்கு நேரம் இல்லை.

— எப்படிக் கழண்டுது?

— மைக் சரியா இருக்கான்னு பார்க்கப் போனேன். அந்த மைக் செட்காரன் கம்பியை உசத்தறேன்னுட்டு என் வாயிலயே இடிச்சுட்டான்.

— மைக்குக்கே பொறுக்கலை பாருங்க.

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்லை. நாற்காலியைச் சாய்க்கறேன், தலையைப் பின்னாடி வைங்க. ஆமா, ஞாயித்துக்கிழமை நான் கிளினிக்ல இருப்பேன்னு உங்களுக்கு யார் சொன்னா? வாசல்ல விடுமுறைன்னு போர்டு தொங்குது. அசிஸ்டென்ட்கூட வரலை. நானே மெஷினைத் துடைக்கலாம்னுதான் வந்தேன்.

— வெளிச்சம் தெரிஞ்சுது, தட்டினேன். இதுக்கெல்லாமா விளக்கம்? என் டாக்டர் வெளியூர் போயிருக்கார். மத்த இடமெல்லாம் பூட்டு. வேற வழியில்லாமத்தான் தம்பி மகளாச்சேன்னு இங்க வந்தேன். நீ ஒட்டினா நிக்குமான்னு எனக்கு இப்பவும் சந்தேகம்தான்.

— நல்லா ஆரம்பிச்சீங்க.

— பின்ன? மேல்படிப்புக்குப் பரீட்சை எழுதப் போறேன், எழுதப் போறேன்னு சொல்லிட்டே இருக்கியாம். எழுதின பாட்டைக் காணோம். அதெல்லாம் உன்னால எங்க முடியப் போவுது? பேசாம இந்த ஒத்தை நாற்காலியோட காலத்தை ஓட்டு.

— இந்த வருஷமே எழுதறேன். எழுதறேனா இல்லையான்னு நீங்களே பாருங்க.

— பார்க்கலாம், பார்க்கலாம்.

— நான் எழுதலைங்கற சேதி உங்களுக்கு எப்படி... சரி விடுங்க. கேப்பைக் கொடுங்க. ஆஹா! இத்தனை வருஷமா எங்களைப் பார்த்துச் சிரிச்சது இதானா? ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிப்புன்னா பள்ளிக்கூடமே நடுங்கும். கையில எடுத்தா அரிசி கனம்கூட இல்லையே.

— உருட்டி விளையாட அது என்ன சோழியா? வாயில வச்சு ஒட்டு.

— ஒட்டறேன். சாயங்காலம் எதைப் பத்திப் பேசறீங்க?

— அது உனக்கெதுக்கு?

— சும்மா சொல்லுங்களேன்.

— ‘பள்ளிக்கூடமும் பழகும் பண்பும்.’

— அடடா. ‘சேர்ந்து பழகுதல்’னு சொல்லிப் பாருங்க.

— சேர்ந்து பழகுதல்.

— கேட்டீங்களா விசிலை? ‘சமூகம், சகிப்பு, சிநேகம்.’

— சமூகம், சகிப்பு... விளையாடறியாடி?

— முன்வரிசைக்கு ஃபேனே வேண்டாம் அத்தை. ஆக, கேப் என் கையில இருக்கு. நீங்க என் நாற்காலியில மல்லாந்து இருக்கீங்க. மைக் உங்களுக்காகக் காத்துட்டு இருக்கு. இப்ப நாம பேரம் பேசலாம்.

— பேரமா? என்ன வேணுமோ எடுத்துக்கோ, என் கைப்பை அதோ இருக்கு.

— பையில இருக்கறது எதுவும் வேண்டாம். எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும்.

— எதுக்கு?

— எதுக்கா! சித்தப்பா புது வீட்டுக்குப் போனப்போ எல்லாரும் கூடினோமே, அன்னைக்கு நடந்ததுக்கு. பிள்ளைங்களை எல்லாம் கூடத்துல வட்டமா உக்கார வச்சு, ஒவ்வொருத்தரா எழுந்து பேரு, வகுப்பு, பள்ளிக்கூடம் சொல்லச் சொன்னீங்க. உங்களுக்கு எந்த வீட்டுக் கூடமும் அசெம்பிளி மைதானம்தானே? என் முறை வந்துது. எழுந்துட்டேன். வாயையும் திறந்துட்டேன்.

— நீ எங்க திறந்தே? கல்லு மாதிரி நின்னே.

— திறந்தேன் அத்தை! நீங்கதான் என் தோளை அமுக்கி உக்கார வச்சுட்டு, ‘இவளை விடுங்க, இவளுக்குப் பேச வராது. வீட்டுலயே அடைஞ்சு வளர்ற புள்ள. சுவரோட விளையாடி சுவரோட பேசும்’னீங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. அன்னைக்கு வச்ச பேருதான் ஊமைக்கோட்டான். இன்னைக்கும் சித்தப்பா பசங்க என் நம்பரை அந்தப் பேர்லதான் போன்ல போட்டு வச்சிருக்கானுங்க.

— கவனி. என் பள்ளிக்கூடத்துலயே உனக்கு ஒரு இடம் ஒதுக்கி வச்சிருந்தேன். உங்கம்மா வேண்டாம், வீட்டுலயே நானே பாடம் சொல்லித் தர்றேன்னுட்டா. ஹெட்மிஸ்ட்ரஸ் தம்பி மகளே பள்ளிக்கூடத்துப் பக்கம் வரலைன்னா நாலு பேர் என்ன கேப்பாங்க? எனக்கும் வயித்தெரிச்சல் இருக்காதா?

— இருந்திருக்கும். அதுக்கு நானா கிடைச்சேன்? நான் என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருந்தேன் தெரியுமா? ‘வகுப்பு, சமையலறை மேஜை. பள்ளிக்கூடம், எங்கம்மா.’ அதைச் சொல்லிட்டு ஒரு கும்பிடு போடலாம்னு இருந்தேன்.

— நல்லாத்தான் இருந்திருக்கும்.

— இப்ப சொல்லுங்க நல்லா இருந்திருக்கும்னு! சரி, எனக்கு நடந்ததைக்கூட விடுங்க. அம்மா எழுந்து சமையலறைக்குள்ள போனா. எல்லாரும் கிளம்பற வரைக்கும் காபி கப்பா கழுவிட்டே இருந்தா. கழுவினதையே திரும்பக் கழுவினா. ஒரு தடவைகூட கூடத்துக்கு வரலை. கதவோரமா நின்னு அவ முதுகையே பார்த்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம் நம்ம வீட்டு விசேஷம் ஒண்ணுக்கும் அவ வந்ததில்லை. கேட்டா தலைவலி. மறுபடி கேட்டா கால்வலி. அந்த முதுகுக்கு நீங்க பதில் சொல்லணும் அத்தை.

— அடியே, அந்த விஷயத்துல உங்கம்மா... சரி. நேர்ல வந்து சொல்றேன். காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கறேன்.

— நேர்ல எல்லாம் வேண்டாம். இப்பவே, இங்கயே, போன்ல.

— போன் மட்டும் வேண்டாம்டி!

— காலைப் பிடிக்கறீங்களாம், போன் பண்ண மாட்டீங்களாம். நல்ல நியாயம்.

— உங்கம்மா எடுத்ததும் என்ன பேசுவான்னு உனக்குத் தெரியாது. சொன்னாக் கேளு.

— என்ன வேணா பேசட்டும். பேசறதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு. மேல் உதட்டைத் தூக்குங்க, பஞ்சு வைக்கறேன். இங்க ஒண்ணு. இந்தப் பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணு. இனிமே பேசக் கூடாது. எச்சில் பட்டா சிமெண்ட் பிடிக்காது. மேடையில ‘பண்பு’ன்னு சொல்லும்போது கேப் பறந்து போய் முன்வரிசையில யார் மடியிலயாவது விழும்.

— ம்ம்ம்.

— இந்தக் குழாயை நீங்களே பிடிச்சுக்கோங்க, எச்சிலை அது உறிஞ்சிக்கும். அசிஸ்டென்ட் இல்லாததால இன்னைக்கு நீங்கதான் அசிஸ்டென்ட். கேப்புக்குள்ள பழைய சிமெண்ட் அப்பிக் கிடக்கு, சுரண்டி எடுக்கணும். நிதானமாத்தான் எடுப்பேன். அதுவரைக்கும் நான் பேசறேன், நீங்க கேட்டுக்கறீங்க. நமக்குள்ள இது முதல் தடவை, இல்ல?

— ம்.

— எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டாங்க தெரியுமா அத்தை? ‘இவளுக்குச் சிநேகிதங்க இருக்காங்களா?’ ‘ராத்திரி உடுப்போடயேவா பாடம் படிப்பா?’ ‘நாளைக்குக் கட்டிக் கொடுத்தா மாப்பிள்ளைகிட்டயாவது பேசுவாளா?’ எல்லாத்தையும் என்னைப் பக்கத்துல நிக்க வச்சுட்டே கேப்பாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள மீன் நிக்கற மாதிரி நான் நிப்பேன். அவங்க எல்லாம் கேட்டாங்க. நீங்க மட்டும்தான் கேக்கவே இல்லை. நேரா தீர்ப்புத்தான்.

— ம்ம்.

— ‘கடைக்குப் போய் ஒரு பென்சில் கேட்டு வாங்கத் தெரியுமா இவளுக்கு?’ சொன்னீங்களா இல்லையா? மறுநாளே கடைத்தெருவுக்குப் போனேன். பென்சிலோட விட்டேனா? கடிகாரம் ரிப்பேர் பண்றவர், பூனைக்கு ஊசி போடற டாக்டர், நூலகத்துல முத்திரை குத்தற அக்கா, இஸ்திரி போடறவர், எல்லார்கிட்டயும் பேசிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தங்க வகுப்புக்குள்ள மட்டும் சிநேகம் வச்சுக்கிட்டாங்க. எனக்குப் பேரன் பேத்தி எடுத்தவங்க எல்லாம் சிநேகம்.

— ங்ம்.

— அடுத்த தடவை வந்தீங்க. ‘கடையில பேசிட்டா ஆச்சா? மேடையில ஏத்தினா மயங்கி விழுவா.’ உடனே பேச்சுப் போட்டிக்குப் பேரைக் கொடுத்தேன். நான் விழலை. நடுவர்தான் தூங்கி விழுந்தார். அவரை எழுப்பி உக்கார வச்சு மீதியைப் பேசி முடிச்சேன்.

— ங்ஃம். ங்ஃம்.

— சிரிக்காதீங்க, பஞ்சு நழுவுது. அப்புறம், ‘காலேஜ்ல ஒரு வாரம் தாங்குவாளா?’ சும்மா சொல்லக் கூடாது, அதுல கிட்டத்தட்ட ஜெயிச்சுட்டீங்க. முதல் நாள் மணி அடிச்சதும் எங்கயோ தீப்பிடிச்சுடுச்சுன்னு நினைச்சு பையைத் தூக்கிட்டு கேட் வரைக்கும் ஓடினேன். வாட்ச்மேன்தான் ‘அடுத்த வகுப்புக்கு மணிம்மா’ன்னு திருப்பி அனுப்பினார். திரும்பி வந்து பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட பேச்சுக் கொடுக்கணுமேன்னு, ‘முட்டிவலி எப்படி இருக்கு? பையன் ஒழுங்கா போன் பண்றானா?’ன்னு கேட்டுட்டேன்.

— ங்ஆ?

— பழக்க தோஷம் அத்தை! நான் பேசிப் பழகினதெல்லாம் அந்த வயசு ஆளுங்களோட. அவ பாவம், ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, ‘எனக்கில்லை, எங்கம்மாவுக்குத்தான் முட்டிவலி’ன்னா. இன்னைக்கு வரைக்கும் என் உயிர்த்தோழி அவதான். அவங்க அம்மா முட்டியும் தேவலை.

— ம்ம்.

— இதெல்லாம் எதுக்குப் பண்ணேன்னு நினைக்கறீங்க? ஆசையிலயா? ராத்திரி படுக்கும்போது உங்க முகம்தான் கண்ணுக்கு முன்னாடி வரும். அந்த முகத்துல கரியைப் பூசணும், அவ்வளவுதான் எனக்கு. மத்தப் பிள்ளைங்க சாமி கும்பிட்டுப் படிச்சாங்க, நான் உங்களைத் திட்டித் திட்டிப் படிச்சேன். கிளினிக் திறந்தப்போகூட ‘ஊமைக்கோட்டான்கிட்ட பல்லைக் காட்ட யார் வருவா?’ன்னு சித்தப்பாகிட்ட சொல்லி அனுப்பினீங்க. இப்ப வர்றவங்க புகாரே என்ன தெரியுமா? டாக்டர் பேச்சை நிறுத்த மாட்டேங்கறாங்கன்னுதான். எங்கம்மாவே கடவாப்பல் ஆடுதுன்னு மாசக்கணக்கா தள்ளிப்போடறா. ‘வாயைத் திறக்க வச்சுட்டு நீயே பேசிட்டு இருப்பே, உன் நாற்காலியே வேண்டாம் கண்ணு’ங்கறா.

— ம்ம்ம்.

— என்ன கண்ணுல தண்ணி? வலிக்குதா?

— ம்ஹூம்.

— அப்ப சிரிப்பா? சிரிங்க, சிரிங்க. கேப் சுத்தமாயிடுச்சு. இப்ப கேளுங்க. நீங்க மன்னிப்பைச் சொல்லக்கூட வேண்டாம். ‘அம்மா, அத்தை மன்னிப்பு கேக்கறாங்க, அவங்களுக்குப் பேச வராது, அதனால நான் சொல்றேன்’னு நானே சொல்லிடுவேன். நீங்க பக்கத்துல ‘ம்’ போட்டாப் போதும். எப்படி இருக்கு? எனக்காக நீங்க பேசினீங்க. உங்களுக்காக நான் பேசறேன்.

— ம்ஹூம்! ம்ஹூம்!

— தலையை ஆட்டாதீங்க. முடியாதுன்னா சொல்லுங்க, கேப் டிஷ்யூவுக்கே போகட்டும். விசிலோட மேடை ஏறுங்க.

— ...ம்.

— அப்படி வாங்க வழிக்கு. இதோ சிமெண்ட். காத்து ஊதறேன், கூசும். ம்... உக்காந்துடுச்சு. அழகா இருக்கு அத்தை, மறுபடியும் பயமாத்தான் இருக்கீங்க. இந்தப் பஞ்சை முன்பல்லுல வச்சுக் கடிங்க. கடிச்சுட்டே இருக்கணும். நடுவுல வாயைத் திறந்தா கேப் கோணலா இறுகிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். போன் எங்க, கைப்பையிலயா?

— ம்ம்ம்! ம்ம்!

— என் போன் ஆகாது. என் நம்பரைப் பார்த்தா ‘சாப்பிட்டியா’ன்னு ஆரம்பிச்சுடுவா. உங்க பேரைப் பார்த்து அவ திடுக்கிடணும். விரலைக் கொடுங்க, பூட்டு திறக்கட்டும். மடக்காதீங்க அத்தை, சின்னப் பிள்ளை மாதிரி... ஆச்சு. எங்கம்மா நம்பர் உங்ககிட்ட இருக்குமான்னே... இருக்கே. தேடவே வேண்டாம், எல்லாருக்கும் மேல நிக்குது. ஏன் மேல நிக்குது?

— ம்ம்ம்ம்!

— எதுவோ இருக்கட்டும், அடிச்சாச்சு. ஸ்பீக்கர்ல போடறேன். கடிச்சுக்கோங்க.

— அண்ணி! பல்லு ஒட்டியாச்சா? நான்தான் சொன்னேன்ல, ஞாயித்துக்கிழமைன்னா அங்கதான் மெஷினைத் துடைச்சுட்டு இருப்பான்னு!

— ம்ம்! ம்ம்ம்!

— ஓ, பஞ்சு வச்சிருக்காளா? திறக்காதீங்க, திறக்காதீங்க, நானே பேசறேன். அவ கை கழுவப் போயிருக்காளாக்கும். பாருங்களேன், நான் சொன்ன மாதிரி அந்தப் பரீட்சை விஷயத்தைக் குத்திக் காட்டினீங்களா?

— ம்ம்ம்ம்!

— குத்திட்டீங்களா! அப்பாடா, இனிமே புத்தகத்தைத் தொட்டுடுவா. நான் சொன்னா அவ காதுல ஏறாது அண்ணி. பென்சில் வாங்க அனுப்பறதுக்கும் நீங்கதான் வேண்டியிருந்துது, பேச்சுப் போட்டிக்கும் நீங்கதான், காலேஜுக்கும் நீங்கதான். பாடம் சொல்லிக் கொடுத்தது நான். வாசலுக்கு வெளிய தள்ளிவிட்டது நீங்க. உங்க பள்ளிக்கூடத்துல அவ சேரலை, எங்க வீட்டுப் பள்ளிக்கூடத்துல நீங்க சேர்ந்துட்டீங்க.

— ம்.

— நீங்களும்தான் ‘போதும்மா, என்னால முடியலை, அந்தப் புள்ள என்னைப் பார்க்கற பார்வையைத் தாங்க முடியலை’ன்னு எத்தனை தடவை சொல்லிட்டீங்க. அந்தப் புது வீட்டு விசேஷத்துக்கு மறுநாளே வந்து நம்ம வாசல்ல நின்னு அழுதவங்கதானே. நான்தான் கேக்கலை. ‘மன்னிப்பு எல்லாம் வேண்டாம் அண்ணி, காலையில இருந்து கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமா பேசிப் பழகறா, இன்னும் ரெண்டு வார்த்தை வச்சுட்டுப் போங்க’ன்னுட்டேன். என்னமோ போங்க, உங்களைக் கெட்டவளாக்கி வச்சுட்டு நான் நல்ல அம்மாவா உக்காந்திருக்கேன்.

— ம்ஹூம்.

— இன்னும் அந்தக் கப் கழுவின கதையைச் சொல்லிட்டுத் திரியறா அண்ணி. அம்மா அழுதுட்டே கழுவினாளாம். நான் எங்க அழுதேன்? கூடத்துல அத்தனை ஜனம்! யார்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம உள்ள போய் ஒளிஞ்சுட்டேன். கழுவ ஒரு கப் இருந்துது, பிழைச்சேன். இன்னைக்கும் நாலு பேர் கூடினா எனக்குத் தலைவலி வந்துடுதே. பள்ளிக்கூடத்துல படிச்சு வளர்ந்தவ நான்! என்னை மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான்... இதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி.

— அம்மா. நீ ஸ்பீக்கர்ல இருக்கேம்மா.

— அண்ணி? அண்ணி, நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?

— அத்தை இப்ப பேச மாட்டாங்க. சிமெண்ட் இறுகணும். என் கையை வேற பிடிச்சுட்டு இருக்காங்க.

— கண்ணு... நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். கடவாப்பல் ஆடுதுன்னியே? நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துடு. பஞ்சு நிறைய இருக்கு.